செவ்வாயில் முப்பத்தஞ்சு கிலோ

பெருவிரலை ஊனிக்கோன்னு சொல்லுதாரு. எப்படி இருக்கு கதை. காலையில நான் பட்டுச்சேலைக்கு மடிப்பு வச்சுக்கிட்டு நிக்கேன், கதவை ஒருக்களிச்சு வச்சுட்டு, அத்தை பக்கத்துல எங்கயும் நிக்காவளான்னு எட்டிப் பாத்துட்டு, காதுகிட்ட வந்து சொல்லுதாரு என் வீட்டுக்காரரு சேர்மராஜ்: "புஷ்பம், துலாபாரத் தட்டு தரையை ஒட்டித்தான் தொங்கும். நீ ஏறி உக்காந்துட்டு வலது கால் பெருவிரலைத் தரையில லேசா ஊனிக்கோ. சேலை மறைச்சிரும். ஒரு பயலுக்குத் தெரியாது." லேசாவா? பதினேழு கிலோவை ஒரு பெருவிரல் தாங்கணும், அது லேசா? நான் தொண்ணூத்திரண்டு கிலோ. எதிர்த் தட்டுல ஏறப்போற கருப்பட்டி எழுபத்தஞ்சு. ஏன் எழுபத்தஞ்சுன்னா, பெத்த தாய் வந்து "ஏலே சேர்மா, ஒம்பொண்டாட்டி எத்தனை கிலோ இருப்பா, நேந்த கருப்பட்டிக்குச் சொல்லி வைக்கணும்"னு கேட்டப்ப, இந்த மனுசன் வாய் கூசாம எழுபத்தஞ்சுன்னு சொல்லியிருக்காரு. போன சித்திரையில எனக்குக் கர்ப்பப்பையை எடுத்தப்ப ரத்தம் நிக்காம, நான் போயே போயிட்டேன்னு நினைச்சு, ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு அத்தை நேந்துக்கிட்ட நேர்ச்சை இது. எம்மருமவளைத் திருப்பிக் குடு தாயே, அவ எடைக்கு எடை கருப்பட்டி போடுதேன். எடைக்கு எடைன்னுதான் சொன்னாவளாம். இப்ப அம்மன் கோயில் மண்டபத்துல தராசுக்கு முன்னால நிக்கேன், சொந்தக்காரங்க ரெண்டு வேன் நிறைய வந்து சுத்தி நிக்காங்க, இவரு என் மூஞ்சியைப் பாக்கல, என் காலைத்தான் பாக்காரு.

"உக்காரு தாயி"ங்காரு பூசாரி. நாலு சங்கிலியில தொங்குத பலகை. மஞ்சள் பூசி வச்சிருக்காங்க. சங்கிலியைப் பிடிச்சு உக்காந்தேன், பலகை தரையில போய் டம்முன்னு இடிச்சு நின்னுச்சு, அந்தப் பக்கத் தட்டு மேல போய் ஆடுது. யாரோ களுக்குன்னு சிரிச்சாங்க. யாரோ என்ன யாரோ, வசந்தா மதினிதான், இவரோட அக்கா. என் உடம்புன்னா அவியளுக்கு அப்படி ஒரு ஆனந்தம். எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் "புஷ்பத்துக்கு ரெண்டு சேரை ஒட்டிப் போடுங்கப்பா"ன்னு பந்தலே கேக்குத மாதிரி சொல்லுவாவ, சொல்லிட்டு என் கன்னத்தையும் கிள்ளுவாவ. நான் சிரிச்சுக்குவேன். ஏன் சிரிச்சேன்? பதினாறு வருசமா ஏன் சிரிச்சுக்கிட்டே இருந்தேன், வாய் சுளுக்கிக்காதா? முதல் சிப்பம் ஏறுது. பத்து கிலோ, பனை ஓலையில கட்டின கட்டு, கருப்பட்டி வாசனை இங்க வரைக்கும் வருது. பூசாரியோட ஆளு தூக்கி வைக்காரு, இவரு கூட நின்னு ஓலையைப் பிடிக்காரு. எடை போடுதது இவருக்குப் புதுசா என்ன? உப்பு லாரிக்கு எடைமேடை வச்சிருக்கிற கம்பெனியில இருபது வருசமா உக்காந்திருக்கிற மனுசன். லாரி கொஞ்சம் கூடுதலாக் காட்டினா, டிரைவரைக் கீழ இறங்கச் சொல்லி, க்ளீனரையும் இறங்கச் சொல்லி, மறுபடியும் ஏத்திப் பாத்துத்தான் சீட்டு அடிப்பாரு. அப்படி ஒரு நேர்மை. இருபது டன் உப்புக்கு நேர்மை. பொண்டாட்டின்னு வந்தா மட்டும் ஒரு பதினேழு கிலோவை முழுங்கிருவாரு. பொண்ணு பாக்க வந்துட்டுப் போனப்பவே அவரு சேக்காளிங்ககிட்ட "கொஞ்சம் பூசினாப்புல இருப்பா, அம்பத்தெட்டு இருக்கும்"னு சொன்னாராம், அப்பவே நான் எழுபது. அப்போ இருந்து நான் ஏற ஏற அவரும் ஏத்திக்கிட்டேதான் வாராரு, ஆனா எப்பவும் பதினஞ்சு இருபது கிலோ பின்னாலயே வாராரு. ரெண்டாவது சிப்பம்.

தரைக் கல்லு சில்லுன்னு இருக்கு. பெருவிரல் இப்பவே தரையிலதான் கிடக்கு, ஆனா நான் இன்னும் ஊனல. ஊனவா வேண்டாமான்னு அதுகிட்ட கேட்டா அதுக்கு என்ன தெரியும். என் எடையைச் சொல்லுததுக்கு எனக்கு வெக்கமே கிடையாது, அதுதான் இவருக்குப் புரியல. நான் கணக்கு டீச்சர், ஏழாங்கிளாஸ்ல நாப்பது பிள்ளைகளுக்கு அது தெரியும். விகிதம் நடத்தும்போது நானேதான் போர்டுல எழுதுவேன். பூமியில நூறு கிலோன்னா செவ்வாயில முப்பத்தெட்டு. பூமியில தொண்ணூத்திரண்டுன்னா? முதல் வருசம் எழுதினப்ப கடைசி பெஞ்ச் குபீர்னு சிரிச்சுச்சு. "சிரிச்சு முடிச்சாச்சா? சரி, குறுக்கே பெருக்குங்க"ன்னேன். பெருக்கினாங்க. முப்பத்தஞ்சு டீச்சர், முப்பத்தஞ்சு! ஏதோ நானே பஸ் பிடிச்சு செவ்வாய்க்குப் போய் இளைச்சுட்டு வந்த மாதிரி அதுகளுக்கு ஒரு சந்தோசம். நிலாவுல ஆறுல ஒரு பங்கு, பதினஞ்சு கிலோ சொச்சம், புஷ்பம் டீச்சரை ஒத்தக் கையில தூக்கிரலாம்லேன்னு ஒருத்தன். வியாழன்ல ரெண்டரை மடங்கு, எரநூத்தி முப்பது. அதுல இருந்து எனக்கு வியாழன் டீச்சர்னு பேரு. வச்சுக்கோங்கலே, இருக்கிறதுலயே பெரிய கிரகம் அதுதான்னு சொல்லிட்டேன். அந்த வகுப்புல என் உடம்பு ஒரு கணக்கு, அவ்வளவுதான், அதுல கேலி தங்காது, விடை வந்ததும் போயிரும். மூணாவது வச்சாச்சு, நாலாவதைத் தூக்குதாங்க, இன்னும் தட்டு அசையக்கூட இல்ல. சரி, இவரு சொன்ன எழுபத்தஞ்சுக்கே வருவோம். தொண்ணூத்திரண்டு எழுபத்தஞ்சா ஆகணும்னா எந்தக் கிரகத்துக்குப் போகணும்? எழுபத்தஞ்சைத் தொண்ணூத்திரண்டால வகுத்தா புள்ளி எட்டு ஒண்ணு சொச்சம். வெள்ளி புள்ளி ஒம்பதுக்கு மேல, அங்க போனா எம்பத்திமூணு, ஆகாது. யுரேனஸ் புள்ளி எட்டு ஒம்பது, கிட்ட வருது, ஆனாலும் ஆகாது. புதனும் செவ்வாயும் ரொம்பக் கீழ போயிருது. இந்தச் சூரிய மண்டலத்துல எட்டு கிரகத்தையும் சல்லடை போட்டுச் சலிச்சாலும் நான் எழுபத்தஞ்சு கிலோவா இருக்குத ஒரு இடம் கிடையாது. என் வீட்டுக்காரரு எந்த ஊர்ல வச்சு என்கூடக் குடும்பம் நடத்துதாருன்னு எனக்கே தெரியல.

கெட்ட மனுசன் இல்ல. அதான் எரிச்சலே. கெட்டவரா இருந்தா மூஞ்சியில அடிச்சாப்புல ஒண்ணு சொல்லிட்டுப் போயிரலாம். ஆபரேசன் முடிஞ்சு வந்தப்ப ஒரு மாசம் எனக்குத் தலை வாரி விட்டது இவருதான், சிக்கு எடுக்கத் தெரியாம எடுத்து முடியைப் பாதி பிடுங்கினாரு, ஆனா எடுத்தாரு. அப்படிப்பட்ட மனுசன்தான் அன்னைக்கு அந்த ஸ்ட்ரெச்சர் பக்கத்துல நின்னுக்கிட்டு, ஐயோ, அதை எப்படிச் சொல்ல. மேல லைட்டு. ஓடிக்கிட்டே இருக்குத லைட்டு. கையில ஊசி. ரத்தம் போய்க்கிட்டே இருக்குன்னு நர்சம்மா ஃபோன்ல யாருக்கோ சொல்லுதாங்க, அது என் ரத்தம்தான்னு எனக்குத் தெரியுது, ஆனா வேற யாரோ ஒரு பொம்பளையப் பத்திப் பேசுதாப்புல இருக்கு. மயக்க மருந்து குடுக்குற டாக்டர் ஓடி வாராரு. "பேஷன்ட் வெயிட் என்ன?" அந்த எடையை வச்சுத்தான் மருந்தை அளப்பாங்க, அது எனக்கே தெரியும். இவரு சொல்லுதாரு, எழுபத்தஞ்சு. வேணும்னு சொல்லல. பழக்கம். பழகிப் பழகி அந்தப் பொய் வாயில தானா வருது, பொண்டாட்டி சாகக் கிடக்குத நேரத்துலயும் தானா வருது. நாக்கு ஒட்டிக்கிடக்கு எனக்கு. கண்ணு சொருகுது. முழங்கையை ஊனி எந்திரிச்சு "தொண்ணூத்திரண்டு"ன்னேன். டாக்டர் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்துட்டு, எந்த நம்பரையும் நம்பாம, படுக்கையோட எடை பாக்குத மிஷினைத் தள்ளிட்டு வரச் சொன்னாரு. தொண்ணூத்திரண்டு காட்டுச்சு. நான் அப்படியே கண்ணை மூடினேன். செத்தா முழுசாச் சாவேன், பொழைச்சா முழுசாப் பொழைப்பேன்னு ஒரு எண்ணம் ஓடுச்சு, அதுக்கப்புறம் ஒண்ணும் ஞாபகம் இல்ல. அதைப் பத்தி நாங்க ரெண்டு பேரும் இன்னைக்கு வரைக்கும் பேசினதே இல்ல. அவரு மறந்துட்டாருன்னு நினைச்சேன். மறக்கல, கருப்பட்டிக்கும் அதே எழுபத்தஞ்சைத்தான் சொல்லியிருக்காரு.

ஆறாவது சிப்பம். ஏழாவது. மேல போன தட்டு அங்கேயே நின்னு ஆடுது, என் பலகைக்கு இன்னும் அசைவே இல்ல. சில்லறையா இருக்குத அஞ்சு கிலோவை ஓலைப் பெட்டியோட வைக்கப் போறாங்க. இவரு என்னைப் பாக்காரு. இப்பதான் மூஞ்சியைப் பாக்காரு. கண்ணாலயே கெஞ்சுதாரு, ஊனு, ஊனு புஷ்பம். வேர்த்துக் கொட்டுது மனுசனுக்கு. பாவமா இருக்கு. ஊனிரலாமா? ஒரு விரல்தானே? ஊனினா பலகை எந்திரிக்கும், பூசாரி குலவை போடச் சொல்லுவாரு, அத்தை கண்ணைத் துடைச்சுக்குவாவ, மதினிக்குச் சிரிக்க ஒண்ணும் இருக்காது, வீட்டுக்குப் போய் சாம்பார் சோறு சாப்பிட்டுட்டுப் படுத்துரலாம். மனசுக்குள்ள ஓடிப் பாக்கேன். செவ்வாய்க்கு ஓடு, முப்பத்தஞ்சு கிலோ, இந்தக் கருப்பட்டியே ஏராளம். அட கிறுக்கி! கருப்பட்டியும்தானே கூட வரும்? எழுபத்தஞ்சு கிலோ கருப்பட்டி செவ்வாயில இருபத்தெட்டரையா ஆயிரும்லா. முப்பத்தஞ்சுக்கு இருபத்தெட்டரை, அங்கயும் என் பக்கம்தான் கீழ. வியாழன்ல எரநூத்தி முப்பதுக்கு நூத்தி எம்பத்தேழரை, அங்கயும் நான்தான் கீழ. நிலாவுல பதினஞ்சு சொச்சத்துக்குப் பன்னெண்டரை. அங்கயும். ஸ்பிரிங் தராசுதான் ஊருக்கு ஒரு பேச்சு பேசும், அதைத்தான் நான் இத்தனை வருசமா போர்டுல போட்டுக்கிட்டு இருந்திருக்கேன். ரெண்டு தட்டுத் தராசை எந்தக் கிரகத்துல கொண்டு போய்த் தொங்கவிட்டாலும் அது ஒரே பேச்சுதான் பேசும். தொண்ணூத்திரண்டுக்கு எழுபத்தஞ்சு, அந்த விகிதம் மாறவே மாறாது. நான் இங்க குறைச்சல் கிடையாது, எங்கயும் குறைச்சல் கிடையாது. குறைச்சலா இருக்குதது அந்தத் தட்டு. அது நான் வெக்கப்பட வேண்டிய விசயமா? அஞ்சு கிலோப் பெட்டியையும் வச்சாச்சு. பூசாரியோட ஆளு கையைத் தட்டிக்கிட்டு நிக்காரு. எல்லாரும் என் பலகையைப் பாக்காங்க.

ரெண்டு காலையும் தூக்கி, சேலையை இழுத்துச் செருகி, பலகை மேல சம்மணம் போட்டேன். அடிவயித்துல தையல் போட்ட இடம் சுருக்குன்னுச்சு. பரவாயில்ல. சங்கிலி முறுக்கி நேராச்சு, பலகை தரையில அழுத்தமா உக்காந்திருக்கு.  அப்புறம் எல்லாம் ஒரே நேரத்துல ஆரம்பிச்சுச்சு. "தராசு பழுதா இருக்கும்"னு ஒருத்தரு. "சங்கிலி சிக்கியிருக்கான்னு பாருங்கப்பா"ன்னு இன்னொருத்தரு. வசந்தா மதினி வாயைப் பொத்திக்கிட்டு, பொத்தினது எல்லாருக்கும் தெரியுத மாதிரி, "நம்ம புஷ்பத்துக்கு எந்தத் தராசுதான் தாங்கும்"னாவ. பதினாறு வருசமாச் சிரிச்ச வாய்க்கு இப்ப சிரிப்பு வரல. "தராசு நல்லாத்தான் இருக்கு மதினி. கருப்பட்டிதான் பத்தல. நான் தொண்ணூத்திரண்டு கிலோ, அங்க எழுபத்தஞ்சுதான் இருக்கு"ன்னேன். வகுப்புல சொல்லுத குரல்லயே சொன்னேன், கடைசி பெஞ்சுக்குக் கேக்குத மாதிரி. மதினி கை வாயிலயே நின்னுருச்சு. பூசாரி நல்ல மனுசன், நாலையும் பாத்தவரு, பக்கத்துல வந்து குனிஞ்சு, "அதுக்கென்ன தாயி, மிச்சத்துக்கு ஒரு தேங்காயும் பூவும் வச்சுச் சரிக்கட்டிருவோம், எல்லாரும் செய்யுததுதான், ஆத்தா ஏத்துக்கிடுவா"ன்னாரு. இவரு உடனே "ஆமா ஆமா, அப்படியே செஞ்சிருங்க சாமி"ன்னு பாய்ஞ்சாரு. இந்தப் பாய்ச்சலை ஆஸ்பத்திரியில பாஞ்சிருக்கலாம்லா.

"ஏலே, நில்லு." அத்தை. இவ்வளவு நேரம் தூணைப் பிடிச்சுக்கிட்டு நின்ன அத்தை. சபையில மானத்தை வாங்கிட்டியேட்டின்னு என்னைத்தான் பிடிக்கப் போறாவன்னு நினைச்சேன், பதிலும் தயாரா வச்சிருந்தேன். அவிய என்கிட்ட வரவே இல்ல, நேரே மகன் முன்னால போய் நின்னாவ. "ஒங்கிட்ட நான் எத்தனை தடவை கேட்டேன்? அவ எடை என்னன்னு கேட்டேனா இல்லையா?" இவரு தரையைப் பாக்காரு. "சும்மா ஒரு இதுக்கு, நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்கன்னு..." "எவன் பேசுவான்? எவன் பேசினா எனக்கென்னலே? ஆஸ்பத்திரி வாசல்ல நான் என்னன்னு கேட்டேன்? எம்மருமவளைத் திருப்பிக் குடுன்னு கேட்டேன். பதினேழு கிலோவைக் கழிச்சுக்கிட்டு மிச்சத்தைக் குடுன்னா கேட்டேன்? ஆத்தா பிடிச்சு வச்சுக்காம முழுசாக் குடுத்தாள்லா? வாங்கும்போது முழுசா வாங்கிட்டு, குடுக்கும்போது தேங்காயும் பூவுமா?" திரும்பி மதினியையும் ஒரு பார்வை பாத்தாவ. "நீ என்னட்டி பல்லைக் காட்டுத? அவ மெலிஞ்சு சாகணும், நீ பாக்கணுமாக்கும்?" எனக்கு அழுகை வரப் பாக்குது. அழக்கூடாது, இப்ப அழுதா எல்லாரும் நான் அவமானத்துல அழுதேன்னு சொல்லுவாங்க, நான் அவமானப்படல. பதினாறு வருசத்துல ஒரு தடவையாவது இந்தப் பொம்பளகிட்ட நானே என் எடையைச் சொல்லியிருக்கலாம். அவிய என்கிட்ட கேக்கவும் இல்ல, எல்லாம் மகன்கிட்டதான் கேட்டாவ. எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல இந்த மனுசன் நின்னுக்கிட்டு, அந்தப் பக்கம் ஒரு கணக்கும் இந்தப் பக்கம் ஒரு கணக்குமா ஓட்டிக்கிட்டு இருந்திருக்காரு. "போ, எதிர்க்கடையில கருப்பட்டி இருக்கு, வாங்கிட்டு வா. அதுவரைக்கும் அவ அப்படியே இருக்கட்டும்"னு சொல்லிட்டு அத்தை பலகை பக்கத்துல தரையிலயே உக்காந்துட்டாவ.

போனாரு. நான் சம்மணத்தை மாத்தல. எனக்குப் பின்னால நேர்ச்சைக்காரங்க வரிசை நீண்டுக்கிட்டே போவுது, பிள்ளையைத் தூக்கிட்டு நிக்குத ஒரு பொண்ணு எட்டி எட்டிப் பாக்குது, வேன் டிரைவர் கூட வந்து நிக்காரு. பாக்கட்டும். வடிவா உக்காந்திருக்கேன், எனக்கென்ன. ரெண்டு சிப்பத்தை ஆளு வச்சுச் சுமந்துக்கிட்டு வந்தாரு. முதல் சிப்பத்துக்குப் பலகை லேசா நெளிஞ்சுது, அவ்வளவுதான். ரெண்டாவதை வச்சதும் பலகை தரையை விட்டு விருட்டுன்னு மேல போச்சு, குலவை கிளம்பிருச்சு. "ஆச்சு தாயி, இறங்கு"ன்னாரு பூசாரி. "ஆகல சாமி, மூணு கிலோ கூட இருக்கு, எடுங்க"ன்னேன். "கூட இருந்தா இருந்துட்டுப் போகட்டும் புஷ்பம், ஆத்தாளுக்குத்தானே"ன்னாவ அத்தை. "வேண்டாம் அத்தை. ஆத்தாளுக்குத் தனியா எவ்வளவு வேணும்னாலும் குடுங்க. இந்தத் தட்டுல என் எடைதான் இருக்கணும். கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்." இவருதான் சிப்பத்தைப் பிரிச்சாரு. ஒவ்வொரு கருப்பட்டியா எடுத்தாரு, எடுத்துட்டு பலகையைப் பாத்தாரு, மறுபடி எடுத்தாரு. ரெண்டு தட்டும் சரிக்குச் சரியா வந்து நின்னுச்சு, யாரும் தொடல, எதுவும் தரையில படல. பிள்ளையைத் தூக்கிட்டு நின்ன பொண்ணு இவருகிட்ட, "எவ்வளவுண்ணே வந்துச்சு?"ன்னு கேட்டுச்சு. கருப்பட்டியைப் பாத்துக்கிட்டே முனங்கினாரு, தொண்ணூத்திரண்டு. "கேக்கல"ன்னேன் நான், "என்னைப் பாத்துச் சொல்லுங்க." நிமுந்தாரு. என்னைப் பாத்தாரு. சொன்னாரு. அப்புறம்தான் நான் இறங்கினேன்.